குளமா, உலர்கலமா, கண்ணாடியா: கூடங்குளத்தின் எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலை, கொல்லங்கோடு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உலை வெடிக்குமா என்பதில்தான் பேச்சு நிற்கிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் உலையிலிருந்து வெளியே வரும் பொருள் ஒன்று உண்டு: எரிந்த எரிபொருள். அதை எங்கே, எந்த முறையில், எத்தனை காலம் வைப்பது என்பதில் இன்னும் முடிவெடுக்க இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது.

கேரளத்துக்கும் இதில் பங்கு உண்டு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் 2000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 மெகாவாட் என்று ஒதுக்கப்பட்டது. மீதி மத்திய அரசின் கையில். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு மேற்கே இடமண் வழியாகக் கொச்சி போகும் 400 கிலோவோல்ட் பாதை, நெடுநாள் இழுபறிக்குப் பின் 2019-இல் முழுமையானது. மின்சாரம் எல்லை தாண்டுகிறது. கழிவு பற்றிய பேச்சுதான் கூடங்குளம் அமைந்துள்ள ராதாபுரம் தாலுகாவோடு நின்றுவிடுகிறது.

உலைக்குள் நடப்பது

கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பான விவிஇஆர்-1000 அழுத்த நீர் உலைகள். ஒவ்வோர் உலையிலும் அறுகோண வடிவில் 163 எரிபொருள் கட்டுகள். ஒரு கட்டில் முன்னூறுக்கும் மேற்பட்ட மெல்லிய சிர்கோனியக் குழாய்கள். குழாய்களுக்குள் செறிவூட்டிய யுரேனியம் டை ஆக்சைடு வில்லைகள். யுரேனியம்-235 அணுவை நியூட்ரான் தாக்கினால் அது இரண்டாகப் பிளந்து, வெப்பத்தையும் இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களையும் தருகிறது. கட்டுப்பாட்டுக் கோல்களும் நீரில் கரைத்த போரிக் அமிலமும் தேவைக்கு மேற்பட்ட நியூட்ரான்களை விழுங்கிக்கொள்கின்றன.

உலையைச் சுற்றும் நீர் 157 பார் அழுத்தத்தில் இருப்பதால், 320 டிகிரி செல்சியஸ் சூடானாலும் கொதிப்பதில்லை. இந்த நீர் நான்கு நீராவிக் கலன்களுக்குள் குழாய் வழியே ஓடி, வெளியே உள்ள வேறொரு நீரைக் கொதிக்க வைக்கிறது. அந்த நீராவிதான் டர்பைனை நிமிடத்துக்கு 3000 சுற்று சுழற்றுகிறது. மூன்றாவதாகக் கடல்நீர் வந்து நீராவியைக் குளிரவைத்துத் திரும்புகிறது. மூன்று நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நீராவிக் கலனின் குழாயில் ஓட்டை விழுந்தால் முதல் சுற்று நீர் இரண்டாவதில் கசியும். அதனால்தான் இரண்டாம் சுற்றில் கதிரியக்க அளவை இடைவிடாமல் பார்க்கிறார்கள்.

உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட், மின்திறன் 1000 மெகாவாட். மீதி 2000 மெகாவாட் வெப்பம் கடலில் சேர்கிறது. வெளியேறும் நீர், கடலின் இயல்பு வெப்பநிலையை விட 7 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. மீனவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது.

எவ்வளவு மிஞ்சுகிறது

ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதாகப் பிளந்தால் ஏறத்தாழ ஒரு மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். ஆக 3000 மெகாவாட் வெப்பத்துக்கு ஒரு நாளைக்குப் பிளவது 3 கிலோவுக்குச் சற்று மேல்தான். பிளந்த துண்டுகளும் கிட்டத்தட்ட அதே எடை. இந்த அளவில் மின்சாரம் தரும் நிலக்கரி நிலையம் நம் நாட்டு நிலக்கரியில் ஓடினால் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது லட்சம் டன் எரித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சாம்பலாகக் கொட்டும். அணுக்கழிவின் சிக்கல் அளவில் இல்லை, அதன் வெப்பத்திலும் ஆயுளிலும் இருக்கிறது.

பிளந்த துண்டுகளைத் தனியே பிரித்து எடுப்பதில்லை. அவை எரிபொருள் வில்லைக்குள்ளேயே தங்குகின்றன. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு கட்டுகளை மாற்றுவதாகக் கொண்டால், சுமார் 54 கட்டுகள், 20 முதல் 25 டன் வரை வெளியே வரும். கூடங்குளத்துக்குத் திட்டமிட்ட ஆறு உலைகளும் ஓடும் காலத்தில் இது ஆண்டுக்கு 120 முதல் 150 டன். கல்பாக்கத்தில் உள்ளதைப் போன்ற கனநீர் உலையில் இயற்கை யுரேனியத்தையே எரிப்பதால், அதே 1000 மெகாவாட்டுக்கு 150 டன் அளவுக்கு வரும். டன் கணக்கு மட்டும் பார்த்து இந்த உலை நல்லது, அந்த உலை கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கனநீர் உலையின் கட்டு எடையில் அதிகம், ஆனால் டன்னுக்கு வெளிவரும் வெப்பமும் கதிரியக்கமும் குறைவு.

வெளியே வந்த கட்டில் சுமார் 95 விழுக்காடு யுரேனியமாகவே இருக்கும். புளூட்டோனியம் ஒரு விழுக்காடு. பிளவுப் பொருள்கள் மூன்று நான்கு விழுக்காடு. முதல் சில மாதம் ஆபத்தானது அயோடின்-131, அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். அடுத்த முன்னூறு ஆண்டுக்குக் கவலை தருவன சீசியம்-137, ஸ்டிரான்ஷியம்-90. இரண்டின் அரை ஆயுளும் 30 ஆண்டை ஒட்டியது. அதற்கும் அப்பால் 432 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அமெரிசியம்-241, 24,100 ஆண்டு கொண்ட புளூட்டோனியம்-239.

இவை தவிர, வடிகட்டிகள், அயனி மாற்றுப் பிசின், கையுறை, துணி போன்ற தாழ்நிலைக் கழிவு உண்டு. அவற்றைச் சிமெண்டில் உறைய வைத்து வளாகத்துக்குள்ளேயே கான்கிரீட் அகழிகளில் வைப்பது வழக்கம். அளவில் இதுதான் அதிகம், கதிரியக்கத்தில் மிகக் குறைவு.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மணவாளக்குறிச்சி மணலிலிருந்து எடுக்கும் மோனசைட் என்னும் கனிமத்தில் உள்ள தோரியம் கூடங்குளத்தில் எரிவதில்லை. சவறா, கருநாகப்பள்ளிக் கரையிலும் நம் கடற்புறத்திலும் இயற்கையாக உள்ள கதிர்வீச்சு அந்த மணலால் வருவது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் எதிர்ப்பவர் வாதமும் ஆதரிப்பவர் வாதமும் சேர்ந்தே கெடும்.

முதல் வழி: தண்ணீர்க் குளம்

முதல் சில ஆண்டுக்கு வேறு வழியே இல்லை. உலையை நிறுத்திய நொடியில் பிளவு நிற்கும், ஆனால் பிளந்த துண்டுகள் தொடர்ந்து சிதைவதால் வரும் சிதைவு வெப்பம் நிற்காது. நிறுத்திய உடனே முழுத் திறனில் சுமார் 7 விழுக்காடு, அதாவது 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். ஐந்து ஆண்டு கழிந்தால் டன்னுக்கு இரண்டு மூன்று கிலோவாட்டாகத் தணியும்.

விவிஇஆர்-1000 வடிவமைப்பில் இந்தக் குளம் உலையைச் சூழ்ந்த கான்கிரீட் கவசக் கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டை உலையிலிருந்து எடுத்துக் குளத்துக்குக் கொண்டுபோவது வரை எல்லாம் நீருக்கடியில். போரிக் அமிலம் கலந்த நீர் கதிர்களையும் தடுக்கிறது, தொடர்வினை மீண்டும் பற்றாமலும் காக்கிறது. எந்தக் கட்டையும் எப்போதும் கண்ணால் பார்க்கலாம், தூக்கிச் சோதிக்கலாம் என்பது குளத்தின் பெரிய நன்மை.

குறை என்னவென்றால், குளம் தானாக இயங்காது. பம்பு ஓட வேண்டும், வெப்பமாற்றி வேலை செய்ய வேண்டும், நீரின் தூய்மையைக் காக்க வேண்டும், இவற்றுக்கெல்லாம் மின்சாரமும் ஆளும் எந்நேரமும் வேண்டும். மின்சாரம் நின்றால் நீர் மெல்லச் சூடாகும், பிறகு ஆவியாகும். நீர் இறங்கிக் கட்டுகளின் தலை வெளியே தெரிந்தால், அதிலும் அண்மையில் எடுத்த கட்டாக இருந்தால், சிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நான்காம் உலைக் குளத்தைப் பற்றி உலகமே பதறியது இதனால்தான். அந்த உலை அப்போது ஓடவே இல்லை. அதன் எரிபொருள் முழுவதும் குளத்தில் இருந்தது. கட்டடம் கட்டும் கான்கிரீட் பம்பு லாரியைக் கொண்டுவந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். குளத்தைக் காலிசெய்ய 2014 டிசம்பர் ஆயிற்று.

உலைக்குள் உள்ள குளத்தில் ஏழெட்டு ஆண்டுக்கான கட்டுகளுக்குத்தான் இடம். அது நிறைந்தால் உலைக்கு வெளியே, வளாகத்துக்குள், தனிச் சேமிப்பகம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் ஐந்து ஆண்டுக்குள் இதைக் கட்டச் சொன்னது. 2018-இல் 2022 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. வெளியே கட்டும் சேமிப்பகமும் இன்னொரு குளமாக இருக்கலாம், உலர்கலங்களாகவும் இருக்கலாம். உண்மையான தேர்வு இந்த இடத்தில்தான் வருகிறது. கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

இரண்டாவது வழி: உலர்கலம்

ஐந்து முதல் பத்து ஆண்டு குளத்தில் ஆறிய கட்டை உலர்கலத்துக்கு மாற்றலாம். வேலை நடக்கும் முறை இது: கலத்தைக் குளத்துக்குள் இறக்குவார்கள். நீருக்கடியிலேயே கட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து மூடியைப் பொருத்துவார்கள். மேலே தூக்கி, உள்ளிருக்கும் நீரை வடித்து, வெற்றிட பம்பு போட்டு உலர்த்துவார்கள். உள் அழுத்தம் 3 டார் (torr) என்ற, வெற்றிடத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் அரைமணி நேரம் ஏறாமல் நின்றால்தான் உலர்ந்ததாகக் கணக்கு என்பது அமெரிக்க நடைமுறை. பிறகு ஹீலியம் நிரப்பி மூடுவார்கள். ஹீலியம் வினைபுரியாது, வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். அதன் பிறகு பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. கலத்தின் வெளிப்புறத்தைத் தொட்டு ஏறும் காற்றே வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

கூடங்குளத்தில் உள்ள அதே வகை எரிபொருளுக்கு இது சோதனை நிலையில் உள்ள யோசனை அல்ல. செக் நாட்டின் தெமெலீனில் விவிஇஆர்-1000 கட்டுகளை, கலத்துக்கு 19 என்ற கணக்கில், தடித்த உலோகக் கலங்களில் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். உக்ரைனின் சப்போரிஷியாவில் 24 கட்டு கொள்ளும் கான்கிரீட் கலங்கள் 2001 முதல் திறந்த வெளியில் நிற்கின்றன. தெமெலீன் கணக்கில் பார்த்தால் கூடங்குளத்தின் ஓர் உலைக்கு ஆண்டுக்கு மூன்று கலம் போதும். ஃபுகுஷிமாவிலேயே கடலோரக் கட்டடம் ஒன்றில் ஒன்பது உலர்கலங்கள் இருந்தன. சுனாமி அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. பின்னர் திறந்து பார்த்தபோது உள்ளிருந்த கட்டுகள் பழுதின்றி இருந்தன. 2004-இல் குளச்சல் கரை பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு செய்தியின் எடை புரியும்.

ஆனாலும் நம் கரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: உப்புக் காற்று. பற்றவைத்து மூடிய மெல்லிய துருப்பிடிக்கா எஃகுக் குடுவையைக் கான்கிரீட் உறைக்குள் நிறுத்துவது விலை குறைந்த முறை. உறையின் கீழ்த் துளை வழியே காற்று நுழைந்து மேலே போகும். அந்தக் காற்றில் உப்பும் வரும். குடுவை சூடாக இருக்கும்வரை படிந்த உப்பு உலர்ந்தே கிடக்கும். பல ஆண்டு கழித்துக் குடுவை ஆறும்போது, அதே உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். பற்றவைத்த தையலை ஒட்டி எஃகில் இழுவிசை தங்கியிருக்கும். குளோரைடும் இழுவிசையும் சேர்ந்தால் மயிரிழை விரிசல் விழலாம். அதாவது வெப்ப ஆபத்து குறையும் காலத்தில் அரிப்பு ஆபத்து கூடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் இந்தக் கரையில், விலையைப் பார்த்து மெல்லிய குடுவையை வாங்கித் திறந்தவெளியில் நிறுத்துவது தவறான சிக்கனம்.

தடித்த உலோகக் கலத்துக்கு இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. அதில் இரட்டை மூடி. இரண்டுக்கும் நடுவே ஹீலியத்தை அழுத்தத்தில் வைத்து, மானியால் இடைவிடாமல் கண்காணிக்கலாம். உலோக வளையம் தளர்ந்தால் அழுத்தம் இறங்கிக் காட்டிக்கொடுக்கும், கசிவு வெளியே வருமுன் மூடியை மாற்றலாம். விலைதான் அதிகம். வேறு எங்கும் தவறு நடக்காது என்றில்லை. உலர்த்துவதில் அவசரப்பட்டு உள்ளே நீர் தங்கினால், கதிர்வீச்சால் அது சிதைந்து ஹைட்ரஜனாகும். போதுமான அளவு ஆறாத கட்டைத் தவறுதலாக வைத்துவிட்டால் சிர்கோனிய உறை 400 டிகிரி வரம்பைத் தாண்டலாம். ஒவ்வொரு கட்டுக்கும் எண் உண்டு, அதை இருவர் தனித்தனியே படித்துச் சரிபார்ப்பது வீண் சடங்கு அல்ல.

மூன்றாவது வழி: கரைத்துப் பிரித்துக் கண்ணாடியாக்குவது

இந்திய அணுசக்தித் துறையின் கொள்கை இதுதான். கட்டை வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் என்னும் கரைப்பானைக் கொண்டு யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் இழுத்துவிடுவார்கள். மிஞ்சும் உயர்நிலைத் திரவக் கழிவைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் குப்பிகளில் ஊற்றுவார்கள். டிராம்பேயில் 1964 முதல், பின்னர் தாராபூரிலும் கல்பாக்கத்திலும் இந்தப் பிரித்தெடுப்பு நம் நாட்டில் நடக்கிறது. பிரித்த சீசியத்தைக் கண்ணாடிப் பென்சிலாக்கி, ரத்தத்தைக் கதிரூட்டும் கருவிகளில் பயன்படுத்துகிறார்கள். இது மெச்சத்தக்க வேலை.

ஓர் உலையின் ஓர் ஆண்டுக் கழிவு 3 கன மீட்டர் கண்ணாடி அளவுக்குச் சுருங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூடங்குளத்துக்கு இது இன்று கைக்கெட்டும் வழி அல்ல. கல்பாக்கம் ஆலை அரை மீட்டர் நீளக் கனநீர் உலைக் கட்டுக்காகக் கட்டப்பட்டது. கூடங்குளத்தின் கட்டு நாலரை மீட்டர் நீளம், பல மடங்கு வெப்பமும் கதிரியக்கமும் கொண்டது. வெட்டும் பகுதியிலிருந்தே புதிதாகக் கட்ட வேண்டும்.

அடுத்தது புளூட்டோனியம். ஓர் உலைக்கு ஆண்டுக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் பிரியும். கூடங்குளம் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பின்கீழ் இருப்பதால், அதிலிருந்து பிரித்த புளூட்டோனியமும் அதே கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலை அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டது. ஆக, இன்றுள்ள ஏற்பாட்டில் இந்தப் புளூட்டோனியத்தை அதில் எரிக்க முடியாது. எரிக்க உலை இல்லாமல் பிரித்து வைப்பது காவல் செலவையும் ஆபத்தையும் மட்டுமே கூட்டும்.

பிரிக்கும்போது வில்லைக்குள் அடைபட்டிருந்த கிரிப்டான்-85 வாயு வெளியேறுகிறது. டிரிடியம் திரவத்தில் சேர்கிறது. கண்ணாடியாகும் வரை அமிலக் கழிவு எஃகுத் தொட்டிகளில் குளிரூட்டப்பட்டே இருக்க வேண்டும். 1957-இல் சோவியத் நாட்டின் மாயாக் ஆலையில் அப்படிப்பட்ட தொட்டி ஒன்றின் குளிரூட்டல் நின்று வெடித்தது. திடமான வில்லை தன் கழிவைத் தானே பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கரைப்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

மற்ற இரண்டு வழிகள்

ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்புவதுதான் 1988 ஒப்பந்தத்தில் இருந்த ஏற்பாடு. 1998-இல் அது மாற்றப்பட்டு, எரிந்த எரிபொருள் இந்தியாவிடமே இருக்கும் என்றானது. அந்தக் கதவு மூடியாயிற்று.

ஆழ்நிலப் புதைப்பில் உலகில் முன்னே நிற்பது ஃபின்லாந்தின் ஓன்கலோ. 400 மீட்டருக்கும் கீழே பாறையில், செம்புக் கலத்தில், சுற்றிலும் பெண்டோனைட் களிமண். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 1980-களில் கோலார் தங்கவயலின் கைவிட்ட சுரங்கத்தில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பாறை வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்று சோதித்தார்கள். அங்கே வைத்தது மின்சூடேற்றிகள், கழிவு அல்ல. 2012 நவம்பரில் கூடங்குளக் கழிவு அங்கே போகும் என்ற பேச்சு எழுந்ததும், ஆந்திர எல்லையை ஒட்டிய அந்தத் தமிழர் ஊர் கொதித்தெழுந்தது. அப்படித் திட்டமில்லை என்று அரசு பின்வாங்கியது. எந்த ஊரையும் கேட்காமல் அதன் பெயரைச் சொன்னால் இதுதான் நடக்கும்.

எதைக் கேட்க வேண்டும்

இந்த ஒப்பீட்டில் என் தேர்வு தெளிவானது. ஏழு முதல் பத்து ஆண்டு வரை கவசக் கூடத்துக்குள் உள்ள குளம். பிறகு, இரட்டை மூடியுள்ள தடித்த உலோகக் கலம், அதுவும் கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குள், சுனாமி அளவுக்கு நன்கு மேலே. பிரித்தெடுப்பது, அந்தப் புளூட்டோனியத்தை எரிக்கும் உலை தயாரான பிறகு. வெளிச் சேமிப்பகம் குளமாகத்தான் வரும் என்றால், பல்லாண்டுக் கட்டுகள் ஒரே இடத்தில் எப்போதும் ஓட வேண்டிய பம்பை நம்பிக் கிடக்கும். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

உலர்கலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சேமிக்கவும் ஏற்றிச் செல்லவும் ஒரே கலமாக வடிவமைக்கலாம். ஏற்றிச் செல்லும் கலம் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, எஃகு முனைமேல் விழுவது, 800 டிகிரித் தீயில் அரைமணி நேரம், நீரில் மூழ்குவது என்று வரிசையாகத் தாங்க வேண்டும். நூறு டன்னை ஒட்டிய கலம் என்றைக்காவது வளாகத்தை விட்டுக் கிளம்பினால், ரயில் பாதை ஒன்று மதுரை வழி, இன்னொன்று நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை வழி. எந்தப் பாதை என்பதை இப்போதே கேட்கலாம்.

கேட்க வேண்டியவை இன்னும் சில. வளாகத்தில் எத்தனை ஆண்டு என்பதற்கு எழுத்தில் ஒரு முடிவுத் தேதி உண்டா? கலத்தின் மூடி அழுத்தமும் வளாக எல்லையில் கதிர்வீச்சு அளவும் மாதந்தோறும் வெளியிடப்படுமா? ஒரு கலம் பழுதானால் அதைத் திறந்து கட்டுகளை மாற்ற, உலைகள் மூடப்பட்ட பிறகும் குளமோ, கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர்களுக்குள் தொலைவிலிருந்து வேலை செய்யும் சூட்டறையோ இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக்கூடாது. உலை நின்று குளமும் இடிக்கப்பட்டுவிட்டால், கசியும் கலத்தைத் திறக்க இடமே இருக்காது.

நெருக்கடிகாலத் திட்ட வளையம் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர். நாகர்கோவில் வான்வழியில் 30 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 90 கிலோமீட்டர் அளவு. அதனால் எல்லைப் பகுதிக்குக் கூட்ட அறிவிப்பு வீடு தேடி வராது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டப் பகுதியில் வாழாதவரானாலும் சுற்றுச்சூழல் அக்கறைக்குத் தக்க காரணம் உள்ளவர் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்க இடம் தருகிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வர வேண்டும். அந்த நாட்களுக்குள் பாறசாலையிலிருந்தோ நெய்யாற்றின்கரையிலிருந்தோ எழுதும் கடிதத்தை, பெயரும் முகவரியும் கேள்வியும் தெளிவாக இட்டு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.